குடிநீர் மோட்டாருக்கு ஒளிக் காவல்

கிராம மக்களின் அன்றாடத் தேவைகளுள் முதன்மையானது குடிநீர். முன்னாளில் ஊருணியும் பொதுக் கிணறும் அளித்து வந்த நீரை, இன்று பெரும்பாலான ஊராட்சிகளில் ஆழ்துளைக் கிணறும், நீர்மூழ்கி மோட்டாரும், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியும் சேர்ந்து அளித்து வருகின்றன. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கத்திற்குப் பிறகு, வீட்டுக்கு வீடு குழாய் என்பது கிராமங்களில் பரவி வருகிறது. ஆனால் குழாய் மட்டும் நீர் தராது. மோட்டார் ஓடினால்தான் தொட்டி நிரம்பும். தொட்டி நிரம்பினால்தான் குழாயில் நீர் வரும். ஆகவே மோட்டாரைக் காப்பது ஊரின் தாகத்தைத் தீர்ப்பதற்கு ஒப்பாகும்.

மோட்டாரை உரிய நேரத்தில் ஓட்டி, உரிய நேரத்தில் நிறுத்தும் பணியைத் தொட்டி இயக்குபவர் செய்து வருகிறார். மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தாலும் அவர் எழுந்து செல்ல வேண்டியிருக்கிறது. இந்தச் சிரமத்தைக் குறைக்கும் பொருட்டு, தானாகவே இயங்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள் இப்போது பல இடங்களில் அமைக்கப்படுகின்றன. தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் பயின்ற நம் கிராமத்து இளைஞர்களே இவற்றைச் செய்யவும் பழுது பார்க்கவும் வல்லவர்களாய் இருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் இத்தகைய கருவிகளில் ஒரு பகுதி, முதல் இடிமழைக்கே தாங்காமல் கருகிப் போவதை நாம் காண்கிறோம். இதன் காரணம் யாது? அதனைத் தவிர்க்கும் எளிய வழி யாது? இவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

வலிய மின்சாரமும் மெலிய மூளையும்

கட்டுப்பாட்டுக் கருவியின் மூளையாக விளங்குவது நுண்கட்டுப்படுத்தி எனப்படும் மைக்ரோகண்ட்ரோலர். விரல் நகத்தளவே உள்ள இச்சில்லு, நாம் எழுதிவைத்த கட்டளைப்படி, தன் கால்களில் வரும் செய்திகளைப் படித்து, செய்ய வேண்டியதைச் செய்கிறது. அது அறிந்த செய்தி இரண்டே: கால் ஒன்றில் மின்னழுத்தம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. அந்த அழுத்தமும் மிகச் சிறியது. சில வகைகள் 5 வோல்ட்டில் இயங்குவன. இ.எஸ்.பி.32 போன்றவை 3.3 வோல்ட்டில் இயங்குவன. அவற்றின் கால்களுக்கு 5 வோல்ட்டே அதிகம்.

மோட்டார் அறையில் இருப்பதோ வேறு உலகம். அங்கே ஒரு முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரு முனைகளுக்கு இடையே 400 வோல்ட்டுக்கு மேல். 230 வோல்ட் என்று நாம் கூறும் மாறுமின்சாரம், ஒவ்வோர் அலையின் உச்சியிலும் 325 வோல்ட்டைத் தொடுகிறது. ஸ்டார்ட்டரின் காண்டாக்டர் விடும் ஒவ்வொரு தடவையும், நொடியின் மிகச் சிறு பகுதியளவு நேரத்திற்கு அதனினும் உயர்ந்த அழுத்தம் கம்பிகளில் பாய்வதுண்டு.

இவை போதாவென்று, தொட்டியின் உச்சியிலுள்ள மிதவை சுவிட்சிலிருந்து மோட்டார் அறை வரை இருநூறு முந்நூறு மீட்டர் நீளக் கம்பி வருகிறது. கோடை இடியோ ஐப்பசி இடியோ தொட்டியருகே விழுமாயின், அவ்விடத்து மண்ணின் மின்னழுத்தம் திடீரென உயர்கிறது. மோட்டார் அறையின் மண்ணோ அவ்வாறு உயர்வதில்லை. இந்த வேறுபாடு முழுவதும் அந்த நீண்ட கம்பியின் வழியே கருவிக்குள் வந்து விழுகிறது. 5 வோல்ட்டுக்குப் பழகிய சில்லு அதனை எவ்வாறு தாங்கும்?

கருவி கருகுவது பெரிதன்று. மனிதர் உயிர் பெரிது. 230 வோல்ட் கம்பியிலிருந்து ஒரு மின்தடையை மட்டும் வைத்து நுண்கட்டுப்படுத்திக்குச் செய்தி கொண்டு செல்வோரும் உளர். அவ்வாறு செய்தால் கருவி இயங்கவே செய்யும். ஆனால் அந்தப் பலகை முழுவதும் மின்கம்பத்தோடு உறவு கொண்டதாகிவிடும். சிம் கார்டை மாற்றுவதற்காகவோ, கணினியை இணைத்துக் கட்டளையை மாற்றுவதற்காகவோ அதில் கை வைப்பவர், ‘ஐந்து வோல்ட்தானே’ என்று எண்ணியே கை வைப்பார். இந்த அபாயத்தை ஒருபோதும் அனுமதிக்கலாகாது.

செய்தி வரட்டும், மின்சாரம் வர வேண்டாம்

நமக்கு வேண்டியது, தொட்டி நிரம்பிற்றா, மின்சாரம் வந்ததா என்னும் செய்தியே அன்றி, அங்குள்ள மின்சாரமன்று. கலங்கரை விளக்கத்தின் ஒளி கடலைக் கடந்து மாலுமிக்குச் செய்தி சொல்கிறது. கரையும் கப்பலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இதே முறையைக் கடுகளவில் செய்து காட்டுவதுதான் ஆப்டோ ஐசோலேட்டர் என்னும் ஒளிவழித் தனிப்படுத்தி. ஆப்டோ கப்ளர் என்றும் இதனைக் கடைகளில் கூறுவர்.

இதன் உட்புறத்தில் ஒரு பக்கம் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியைத் தரும் எல்.இ.டி. ஒன்று உள்ளது. காலியம் ஆர்சினைடு என்னும் பொருளிலிருந்து இத்தகைய ஒளி பிறப்பதை 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பியார்டு, பிட்மன் என்னும் இருவர் கண்டனர். மறு பக்கம் ஒளி பட்டால் மட்டும் மின்சாரத்தைச் செல்லவிடும் ஒளி டிரான்சிஸ்டர் உள்ளது. இரண்டிற்கும் நடுவே ஒளி புகக்கூடிய, மின்சாரம் புக இயலாத பொருள் நிரப்பப்பட்டிருக்கிறது. எல்.இ.டி. எரிந்தால் டிரான்சிஸ்டர் திறக்கும், அணைந்தால் மூடும். இரு பக்கத்திற்கும் உலோகத் தொடர்பு கிடையாது.

எளிதில் கிடைப்பது பி.சி.817 என்னும் நான்கு கால் வகை. விலை சில ரூபாய்களே. இரு பக்கங்களுக்கும் இடையே 5000 வோல்ட் மாறுமின்னழுத்தத்தை ஒரு நிமிடம் தாங்கும் திறன் இதற்கு உண்டு. மேலே புள்ளியிட்டிருக்கும் கால் 1, அது எல்.இ.டி.யின் நேர்முனை. கால் 2 அதன் எதிர்முனை. எதிர்ப்பக்கத்தில் கால் 3 டிரான்சிஸ்டரின் எமிட்டர். கால் 4 கலெக்டர்.

மிதவை சுவிட்சை இணைக்கும் முறை

தொட்டியின் மிதவை சுவிட்சிலிருந்து செய்தி பெறும் முறையை முதலில் காண்போம். இதற்கு 12 வோல்ட் நேர்மின்சாரம் தரும் சிறு அடாப்டர் ஒன்று வேண்டும். அதன் நேர்முனையிலிருந்து புறப்படும் கம்பி தொட்டிக்குச் சென்று, மிதவை சுவிட்சைக் கடந்து, திரும்பி வந்து, 1000 ஓம் மின்தடை ஒன்றின் வழியாகக் கால் 1-ஐ அடைகிறது. கால் 2 அடாப்டரின் எதிர்முனைக்குச் செல்கிறது.

மின்தடையின் அளவு 1000 ஓம் ஆனது எவ்வாறு? எல்.இ.டி. எரியும்போது அதன் குறுக்கே ஏறத்தாழ 1.2 வோல்ட் நிற்கும். மீதி 10.8 வோல்ட்டை 1000 ஓமால் வகுத்தால் சுமார் 11 மில்லி ஆம்பியர் வருகிறது. இந்த எல்.இ.டி. தாங்கக்கூடிய உச்ச அளவு 50 மில்லி ஆம்பியர் ஆதலின், நாம் நல்ல பாதுகாப்பில் இருக்கிறோம். மின்தடையில் வெப்பமாக மாறுவது சுமார் 0.12 வாட், கால் வாட் மின்தடை போதுமானது. தொட்டி 300 மீட்டர் தொலைவில் இருந்து, அரை சதுர மில்லி மீட்டர் செப்புக் கம்பி போட்டிருந்தாலும், போகவர 600 மீட்டருக்கும் சேர்த்துக் கம்பியின் தடை 21 ஓம் அளவே. 1000 ஓமுக்கு முன் இது பொருட்படுத்தத் தக்கதன்று.

மறு பக்கத்தில், கால் 3 நுண்கட்டுப்படுத்தியின் கிரவுண்டுக்குச் செல்கிறது. கால் 4 நுண்கட்டுப்படுத்தியின் உள்ளீட்டுக் காலுக்குச் செல்கிறது. அதே இடத்திலிருந்து 10,000 ஓம் மின்தடை ஒன்று நுண்கட்டுப்படுத்தியின் 5 வோல்ட் அல்லது 3.3 வோல்ட் முனைக்குப் போகிறது. எல்.இ.டி. அணைந்திருக்கையில் இம்மின்தடை உள்ளீட்டை மேலே இழுத்துப் பிடிப்பதால் செய்தி 1. எல்.இ.டி. எரிந்தால் டிரான்சிஸ்டர் உள்ளீட்டைக் கீழே இழுப்பதால் செய்தி 0. ஆகவே செய்தி தலைகீழாக வருகிறது என்பதைக் கட்டளை எழுதுவோர் நினைவிற்கொள்ள வேண்டும்.

எல்.இ.டி.யில் செல்லும் மின்னோட்டத்தில் எத்தனை பங்கு டிரான்சிஸ்டரில் செல்லும் என்பதற்கு ஒரு விகிதம் உண்டு. பி.சி.817-ல் இது குறைந்தது நூற்றுக்கு 50. நாம் 11 மில்லி ஆம்பியர் தருவதால், மறு பக்கம் 5 மில்லி ஆம்பியருக்கு மேல் செல்ல இயலும். 5 வோல்ட்டில் 10,000 ஓம் கேட்பதோ அரை மில்லி ஆம்பியர் மட்டுமே. தேவைக்குப் பத்து மடங்கு கையிருப்பு உள்ளது. இது வீண் செலவன்று. ஆண்டுகள் செல்லச் செல்ல எல்.இ.டி.யின் ஒளி மங்கும். கோடை வெயிலில் தகரப் பெட்டிக்குள் அது விரைவாகவே மங்கும். விளிம்பளவில் கணக்கிட்டுச் செய்த கருவி சில ஆண்டுகளில் காரணம் புரியாமல் தவறு செய்யத் தொடங்கும். கையிருப்பு வைத்துச் செய்தது நெடுநாள் உழைக்கும்.

எல்.இ.டி.க்கு எதிர்த்திசை அழுத்தம் 6 வோல்ட்டுக்கு மேல் ஆகாது. ஆதலால் 1, 2 கால்களுக்குக் குறுக்கே 1என்4148 டயோடு ஒன்றைத் தலைகீழாகப் பொருத்துதல் நன்று. கம்பிகளை மாற்றி இணைத்துவிட்டாலும் இடியின் எதிர்த்துடிப்பு வந்தாலும் அது தாங்கிக்கொள்ளும்.

கம்பி அறுந்தால் என்ன நேரும்?

ஊர்ப்புறத்தில் இழுத்த கம்பி என்றேனும் ஒருநாள் அறுபடும். மரக்கிளை விழலாம், அணில் கடிக்கலாம். அந்நாளில் கருவி என்ன செய்யும் என்பதை முன்னரே தீர்மானித்து வைக்க வேண்டும். தொட்டி நிரம்பாதபோது சுவிட்ச் மூடியும், நிரம்பியதும் திறந்தும் இருக்குமாறு மிதவையை அமைக்க வேண்டும். அப்போது கம்பி அறுந்தாலும், அடாப்டர் பழுதுபட்டாலும், எல்.இ.டி. செயலிழந்தாலும், கருவிக்கு ‘தொட்டி நிரம்பிற்று’ என்றே செய்தி போகும், மோட்டார் நின்றுவிடும். குழாயில் நீர் வராததைக் கண்டு மக்கள் உடனே முறையிடுவர். பழுது அன்றே தெரியவரும். மாறாக அமைத்தால், நள்ளிரவு முழுவதும் நீர் வழிந்தோடி, நிலத்தடி நீரும் மின்சாரமும் ஒருங்கே வீணாகும்.

மும்முனை மின்சாரம் வந்ததை அறிதல்

அடுத்து, மூன்று முனைகளிலும் மின்சாரம் உள்ளதா என்பதை அறிய வேண்டும். இரு முனை மட்டும் இருக்கையில் மோட்டாரை ஓட்ட முயன்றால் சுருள் கருகும் என்பதைக் குடியானவர் யாவரும் அறிவர். 230 வோல்ட்டைத் தொடும் இப்பணியை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்விக்க வேண்டும்.

இதற்குப் பி.சி.814 போன்ற வகை ஏற்றது. அதில் இரண்டு எல்.இ.டி.கள் எதிரெதிராக இணைந்திருப்பதால், மாறுமின்சாரத்தின் இரு பாதியலைகளிலும் ஒளி தரும். ஒவ்வொரு முனைக்கும் ஒன்றாக மூன்று வேண்டும். ஒவ்வொன்றிலும் முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையே 47,000 ஓம் மின்தடைகள் இரண்டைத் தொடராக வைத்து எல்.இ.டி.யை இணைக்க வேண்டும். இவற்றில் வெப்பமாகும் ஆற்றல் ஏறத்தாழ 0.56 வாட்; இரண்டும் பகிர்ந்துகொள்வதால் தலைக்கு 0.28 வாட். ஆகவே அரை வாட்டுக்குக் குறைந்தவை கூடா. ஒரே மின்தடையாக வைக்காமல் இரண்டாக வைப்பதற்குக் காரணம் உண்டு. சிறு மின்தடைகள் தாங்கும் அழுத்தத்திற்கு எல்லை உண்டு. 325 வோல்ட் உச்சியை இரண்டும் பங்கிட்டுக்கொள்கின்றன. அன்றியும், ஒன்று பழுதுபட்டுக் குறுக்கிணைப்பு ஆனாலும் மற்றொன்று காக்கும்.

இங்கே எல்.இ.டி.யில் செல்வது உச்சத்தில் 3.5 மில்லி ஆம்பியர் மட்டுமே. இவ்வகையின் விகிதமும் நூற்றுக்கு 20 வரை குறையலாம். ஆதலால் மறு பக்கத்தில் 10,000 ஓமுக்குப் பதிலாக 47,000 ஓம் வைத்துக் கையிருப்பை உண்டாக்க வேண்டும். அலை பூஜ்யத்தைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் ஒளி ஒரு கணம் அணைவதால், நொடிக்கு 100 முறை உள்ளீடு 1 ஆகி மீளும். இதனை மின்தடை என்று கருவி தவறாகக் கொள்ளலாகாது. தொடர்ந்து 100 மில்லி விநாடி 1 ஆகவே இருந்தால் மட்டும் அம்முனையில் மின்சாரம் இல்லையெனக் கொள்ளுமாறு கட்டளை எழுத வேண்டும். மின்சாரம் திரும்பியதும் சில நிமிடம் பொறுத்து மோட்டாரை இயக்குவது முறை.

இம்முறையின் எல்லையையும் அறிந்திருத்தல் அவசியம். இது மின்சாரம் உண்டா, இல்லையா என்பதை மட்டுமே சொல்லும். அழுத்தம் குறைந்திருப்பதைச் சொல்லாது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு ஒரு முனை அற்றுப் போனால், சுழலும் மோட்டாரே அந்த முனையில் அழுத்தத்தை உண்டாக்குவதால், எல்.இ.டி. தொடர்ந்து எரியவும் கூடும். ஆகவே இவ்வமைப்பு மோட்டாரை இயக்குவதற்கு முன் பார்ப்பதற்குத் தக்கது. ஓடும்போது காப்பதற்கு ஸ்டார்ட்டரிலுள்ள ஓவர்லோடு ரிலேயும், மின்னோட்டத்தை அறிந்து செயல்படும் ஒருமுனைத் தடுப்பு ரிலேயும் இருந்தே தீர வேண்டும். ‘தானியங்கிக் கருவி வந்துவிட்டதே’ என்று அவற்றைக் கழற்றிவிடுவது பெருந்தவறு.

செய்யத்தகாதவை

1. இரு பக்கத்துக் கிரவுண்டுகளையும் ஒன்றாக இணைக்கலாகாது. இணைத்தாலும் கருவி இயங்கும். ஆனால் தனிப்படுத்தி வைத்ததன் பயன் அக்கணமே அற்றுப்போகும். வேலி கட்டிவிட்டு வாயிலைத் திறந்து வைப்பதற்கு இது நிகர்.

2. நுண்கட்டுப்படுத்திக்குரிய மின்சாரத்திலிருந்தே தொட்டிக் கம்பிக்கும் மின்சாரம் தரலாகாது. அதற்கென 12 வோல்ட் அடாப்டர் தனியே வேண்டும் என்று கூறியது இதற்காகவே.

3. சர்க்யூட் பலகையில் தனிப்படுத்தியின் அடியில் செப்புக்கோடு ஓடலாகாது. இரு வரிசைக் கால்களுக்கும் இடையேயுள்ள இடம் சுமார் 7.6 மில்லி மீட்டர். அதனைத் தூய்மையாய் விட்டுவைக்க வேண்டும். அங்கே பலகையை நீளவாக்கில் அறுத்து இடைவெளி விடுதல் இன்னும் சிறப்பு. மோட்டார் அறையில் எறும்பும், பல்லியும், ஈரமும், புழுதியும் இருக்கும். இவை கூடி அந்த இடத்தில் மின்சாரத்திற்குப் பாலம் அமைத்துவிடும்.

4. 230 வோல்ட் கம்பிகளையும் மெலிய மின்சாரக் கம்பிகளையும் ஒரே குழாயில் கொண்டு செல்லலாகாது.

5. தனிப்படுத்தி இருக்கிறதென்று இடிதாங்கியையும் மண் இணைப்பையும் புறக்கணிக்கலாகாது. அது தாங்குவது இரு பக்கங்களுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டையே. கம்பியின் இரு இழைகளுக்கும் இடையே துடிப்பு வந்தால் எல்.இ.டி. கருகவே செய்யும். நீண்ட கம்பி கருவிக்குள் நுழையும் இடத்தில் மிகையழுத்தத் தடுப்பி ஒன்றைப் பொருத்துதல் வேண்டும். அதனையும் மீறி வந்தால், பலி போவது சில ரூபாய் விலையுள்ள தனிப்படுத்தி. தப்புவது மூளையும் மனிதரும். எனவே அதனைப் பலகையில் நேராகப் பற்றவைக்காமல் சாக்கெட்டில் செருகி வைத்தால், மாற்றுவது நொடிப்பொழுது வேலையாகும்.

சோதித்துப் பெறுதல்

ஊராட்சிகள் இத்தகைய கருவியை வாங்குமுன் ஒரு சோதனையைக் கேட்டுப் பெறலாம். மின்சாரத்தை அறவே துண்டித்து, பலகையைப் பிற இணைப்புகளினின்று விடுவித்து, உள்வரும் பக்கத்து முனைகள் யாவற்றையும் ஒன்றாகவும், நுண்கட்டுப்படுத்திப் பக்கத்து முனைகள் யாவற்றையும் ஒன்றாகவும் கட்டி, இரண்டிற்கும் இடையே 500 வோல்ட் மெக்கரால் அளக்க வேண்டும். நல்ல கருவியில் முள் எல்லையற்ற அளவை நோக்கிச் செல்லும். சில மெகா ஓம்களிலேயே நின்றுவிட்டால், பலகையில் ஈரமோ அழுக்கோ தவறான இணைப்போ உள்ளதென்று கொள்ளலாம். ஆண்டுதோறும் மழைக்காலத்திற்கு முன் இச்சோதனையைத் திரும்பச் செய்தல் நலம்.

கருவி வாங்குவோர் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்றே. செய்தி வரும் ஒவ்வொரு கம்பியும் ஒளிவழியாகத்தான் உள்ளே வருகிறதா? இரு பக்கத்திற்கும் மின்சாரம் தனித்தனியே தரப்பட்டுள்ளதா? கம்பி அறுந்தால் மோட்டார் நிற்குமா? இவற்றுக்கு ஆம் என்னும் விடை கிடைக்குமாயின், அக்கருவியை நம்பி மோட்டார் அறையில் வைக்கலாம்.

நவீன சாதனங்கள் கிராமங்களுக்கு வருவது வரவேற்கத்தக்கதே. ஆனால் அவை வந்த ஆண்டிலேயே கெட்டு மூலையில் கிடந்தால், பணம் போவதோடு மக்களின் நம்பிக்கையும் போய்விடும். சில ரூபாய் செலவும் சிறிது கவனமும் இவ்விரண்டையும் காக்கும். தொழிற்கல்வி பெற்ற நம் இளைஞர்கள் இம்முறையைக் கைக்கொண்டு, தத்தம் ஊர்க் குடிநீர்த் திட்டங்களுக்கு உதவுவார்களாயின், தொட்டி இயக்குபவர் நள்ளிரவில் ஈரக் கையோடு ஸ்டார்ட்டரைத் தொட வேண்டிய நிலை ஒழியும். விடியற்காலையில் குடத்தோடு வருவோருக்குக் குழாயில் நீர் காத்திருக்கும்.